300பி, 2ஏ3, ஈஎல்84: திருச்சி வீடு ஒன்றில் குறைந்த வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுத்த கதை

## பின்னணி

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் அவர். திருச்சியில் அடுக்குமாடி வீடு. மனைவி இளவயதிலிருந்தே வீணை வாசிப்பவர். வீட்டில் காலையும் இரவும் கர்நாடக இசைதான் ஓடும்: பழைய கச்சேரிப் பதிவுகள், வீணைத் தனிக் கச்சேரிகள், வாரத்தில் ஒருநாளாவது நாகஸ்வரம் தவில். கேட்கும் அறை 12க்கு 14 அடி. நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் 9 அடி தூரம்.

கையில் இருந்தது ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும், அலமாரியில் வைக்கும் அளவுள்ள இருவழி ஸ்பீக்கர் ஜோடியும். ஆம்ப்ளிஃபையர் சேனலுக்கு 60 வாட். அதில் குறை என்று அவர் எதையும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் வீட்டில் சிங்கிள் எண்டட் வால்வு ஆம்ப்ளிஃபையரில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய ரேடியோவில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாய் வால்வு) ஒரு ஆலாபனை கேட்டிருக்கிறார். குரல் அறைக்குள் இருப்பது போலத் தோன்றியதாம். தன் வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் இது.

நான் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவன். "தம்பி, மூணு சாமான் பார்த்து வச்சிருக்கேன். கடையில 300பி-தான் எடுக்கச் சொல்றாங்க, எட்டு வாட் இருக்குன்னு. நீங்க வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார். மூன்றையும் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தார். வாங்குவதற்கு முன் வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால்தான் பின்னால் நடந்த எல்லாமே சாத்தியமாயிற்று.

## மூன்று ஆம்ப்ளிஃபையர்கள்

சிங்கிள் எண்டட் என்றால், இசை அலையின் மேல்பாதி, கீழ்பாதி இரண்டையும் ஒரே வால்வு சுமக்கும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த வால்வில் முழுக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சூடு அதிகம், கிடைக்கும் சக்தி குறைவு. அந்த நேர்மின்சாரம் (டிசி), வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் போவதால், இரும்பு காந்தத்தால் நிறைந்துபோய்விடாமல் இருக்க மையத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். இடைவெளி விட்டால் தாழ்ந்த சுரங்களுக்கு வலு குறையும். அதை ஈடுகட்டப் பெரிய இரும்பு தேவை. நல்ல சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபையர் இவ்வளவு கனமாக இருப்பது இதனால்தான்.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வந்த 300பி ஆம்ப்ளிஃபையர். 300பி என்பது அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1938இல் கொண்டுவந்த டிரயோட், அதாவது மூன்று மின்முனை உள்ள வால்வு. அந்தக் குடும்பத்து வால்வுகள் ஒற்றையாக, எட்டு வாட் அளவில், சினிமாக் கொட்டகைகளுக்கே ஒலி கொடுத்தன. எட்டு வாட்டில் கொட்டகை எப்படி நிறைந்தது என்று கேட்டால், பதில் ஸ்பீக்கரில் இருக்கிறது. அந்தக் காலத்து ஹாரன் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு 100 டெசிபெலுக்கு மேல் கொடுத்தன.

இரண்டாவது 2ஏ3. ஆர்சிஏ 1933இல் ரேடியோக்களுக்காக வெளியிட்ட டிரயோட். 250 வோல்ட்டில் 3.5 வாட் என்பது அதன் தரவுத் தாள் சொல்லும் கணக்கு. இது இந்தியாவில் கையால் கட்டப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே ஆம்ப்ளிஃபையரின் பாதி எடை இருக்கும்.

மூன்றாவது ஈஎல்84. 1950களில் பிலிப்ஸ், முல்லார்ட் நிறுவனங்கள் பரப்பிய பென்டோட், அதாவது ஐந்து மின்முனை உள்ள வால்வு. வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் பெயர் தெரியாமலே இதைக் கேட்டிருப்பார்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இதைத் தயாரித்தது. இந்த ஆம்ப்ளிஃபையரில் இருந்த ஜோடியும் அங்கே செய்த பழைய சரக்குதான். தரவுத் தாள் 5.7 வாட் என்கிறது, ஆனால் அது 10 சதவீத ஒலிச் சிதைவோடு கிடைப்பது.

தாளில் உள்ளதை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதால் 8 ஓம் ரெசிஸ்டரை ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டி, அலை தட்டையாகத் தொடங்கும் இடத்தை ஸ்கோப்பில் (அலையை வரைந்து காட்டும் கருவி) பார்த்தேன். 300பி 7.5 வாட், ஈஎல்84 4.2 வாட், 2ஏ3 3.2 வாட். அலையின் உச்சத்தில் எத்தனை வோல்ட் என்று பார்த்தால் முறையே 10.9, 8.2, 7.1. அடுத்து வரும் கணக்குக்கெல்லாம் இந்த மூன்று வோல்ட் எண்கள்தான் அடிப்படை.

## அந்த வீட்டுக்கு எத்தனை வோல்ட் வேண்டும்

வால்வு ஆம்ப்ளிஃபையரில் கை வைக்கும் முன், அவரிடம் ஏற்கெனவே இருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரிலேயே அளந்தோம். அது 60 வாட் என்பதால் எங்கும் திணறாது. அவர் கேட்கும் இசைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதை அதுவே காட்டிவிடும். சில ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை தரையோடு சேர்ந்திருக்காது. அப்படிப்பட்டதில் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் போய்விடும். இது அந்த வகை அல்ல என்று சோதித்துக்கொண்ட பிறகே மாட்டினேன்.

"சார், நீங்க தினமும் எப்படிக் கேப்பீங்களோ அப்படியே வைங்க" என்றேன். ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி போட்டார். நாற்காலியில் சராசரி 72 டெசிபெல். மல்டிமீட்டரில் ஸ்பீக்கர் முனையில் சுமார் 0.7 வோல்ட். 8 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 0.06 வாட். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவருக்கு நம்பவே முடியவில்லை. மீட்டர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.

ஆனால் சராசரியை வைத்து ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கூடாது. உச்சங்கள்தான் முக்கியம். அதே கச்சேரியில் குரலும் வயலினும் போகும்போது ஸ்கோப்பில் உச்சம் 3.5 வோல்ட்டைத் தாண்டவில்லை. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் அவர் கை தானாக வால்யூமுக்குப் போனது. அங்கே, சராசரி 80 டெசிபெலில், மிருதங்கத்தின் அடி ஒவ்வொன்றும் 9 வோல்ட் வரை குத்தியது. பிறகு நாகஸ்வரக் கச்சேரி. அவர் அதை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார். தவில் 13 வோல்ட்டைத் தொட்டது.

இப்போது இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் வைத்தோம். தினசரிக் கேட்புக்கு மூன்று ஆம்ப்ளிஃபையரும் போதும். தனி ஆவர்த்தனத்துக்கு 300பி மட்டும் சமாளிக்கும். தவிலுக்கு மூன்றுமே போதாது. கடைக்காரர் சொன்ன எட்டு வாட்டை வாங்கினாலும் நாகஸ்வரக் கச்சேரியில் தவில் தட்டையாகத்தான் வரும். அந்த ஸ்பீக்கரோடு இருக்கும்வரை.

ஸ்பீக்கரின் உணர்திறனையும், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல் வரும் என்பதையும், அளந்தேன். விளம்பரத்தாளில் 87 டெசிபெல். எனக்கு வந்தது 86. பெரிய வித்தியாசம் இல்லை. இன்றைக்கு விற்கும் சிறு பெட்டி ஸ்பீக்கர்களுக்கு இது இயல்பான எண். சிறு பெட்டி, ஆழமான பேஸ், கூடுதல் உணர்திறன் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. 1954இல் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் காற்றுப் புகாமல் மூடிய பெட்டியுள்ள ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்த காலத்திலிருந்து சந்தை முதல் இரண்டின் பக்கம் போய்விட்டது. வாட் மலிவானதால் அதில் யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. 1933இல் பிறந்த வால்வைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தும்போதுதான் தெரிகிறது.

## பழைய ஸ்பீக்கரில் கேட்டது

சரி, எண்களை ஒதுக்கிவிட்டுக் கேட்டே பார்ப்போம் என்று மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தோம். ஒலி அளவு கொஞ்சம் கூடினாலே காதுக்கு அதுதான் நன்றாக இருப்பதாகப் படும். அதனால் 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மூன்றுக்கும் ஒரே வோல்ட் வருமாறு வால்யூமை நிறுத்தினேன். எது ஓடுகிறது என்று தெரியாமல் இருக்க, கேட்பவர்களுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒரு துணியைத் தொங்கவிட்டோம்.

அவர் 300பி-யை முதலில் ரசித்தார். குரல் நன்றாக வெளியே வந்து நின்றது. ஆனால் அரைமணி கழித்து, வயலின் கூர்மையாகிவிட்டது, மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) பின்னால் போய்விட்டது என்றார். அம்மா, அதாவது அவருடைய மனைவி, வீணைப் பதிவு ஒன்றைப் போடச் சொன்னார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல மீட்டு மட்டும்தான் கேக்குது. கார்வை நிக்கலையே" என்றார். 2ஏ3-க்கு மாற்றியபோதும் அதையே சொன்னார். ஈஎல்84-இல் "இது பரவாயில்லை, ஆனா முழுசா வரல" என்றார். எது எந்த ஆம்ப்ளிஃபையர் என்று அவருக்குத் தெரியாது.

இந்தக் கருத்து எனக்கு மிக உதவியாக இருந்தது. "இனிமை", "வெப்பம்" என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. மீட்டு, அதாவது விரல் தந்தியை மீட்டும் ஓசை, மேல் அதிர்வெண்களில் இருக்கும்; கார்வை, அதாவது அதன் பின் நீடித்து நிற்கும் ஒலி, கீழே இருக்கும். ஆகவே இரண்டுக்கும் இடையே சமநிலை மாறியிருக்கிறது என்று அவர் துல்லியமாகச் சொல்லிவிட்டார்.

## மீட்டும் கார்வையும் ஏன் பிரிந்தன

ஸ்பீக்கரின் பின்னால் "8 ஓம்" என்று எழுதியிருந்தாலும் எந்த ஸ்பீக்கரும் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஒரு ரெசிஸ்டரையும் லேப்டாப்பின் சவுண்ட் கார்டையும் வைத்து இம்பீடன்ஸை, அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் இந்தத் தடையை, வரைந்தோம். 180 ஹெர்ட்ஸ் பக்கம் 3.8 ஓம். இரண்டரை கிலோஹெர்ட்ஸ் பக்கம், இரு யூனிட்டுகளும் கை மாறும் இடத்தில், 24 ஓம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்கு இது பொருட்டில்லை. அதன் சொந்தத் தடை ஒரு ஓமில் சிறு பங்குதான். எந்தச் சுமைக்கும் ஒரே வோல்ட்டைக் கொடுக்கும். ஃபீட்பேக் (வெளியே போகும் ஒலி அலையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துத் திருத்தும் ஏற்பாடு) இல்லாத சிங்கிள் எண்டட் டிரயோட் அப்படி இல்லை. இந்த 300பி-யின் தடை 2.9 ஓம், 2ஏ3-க்கு 2.6. சிறிது ஃபீட்பேக் உள்ள ஈஎல்84-க்கு 1.1.

300பி-யின் 2.9 ஓமும் ஸ்பீக்கரும் தொடராக நிற்கின்றன. ஸ்பீக்கர் 24 ஓமாக இருக்கும் இடத்தில் வோல்ட்டில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போகும்; இழப்பு 1 டெசிபெல். 3.8 ஓமாக இருக்கும் இடத்தில் இழப்பு கிட்டத்தட்ட 5 டெசிபெல். ஆக மேல் பகுதி கீழ்ப் பகுதியைவிட 4 டெசிபெல் தூக்கி நிற்கிறது. ஈஎல்84-இல் அதே வித்தியாசம் 2 டெசிபெலுக்குள். அம்மா சொன்ன வரிசை இதேதான்.

கர்நாடக இசை கேட்பவருக்கு இது இன்னும் வலிக்கும் இடத்தில் விழுகிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ். அதிலிருந்து ஒரு ஸ்தாயி மேலே போனால் 260. அந்த ஸ்தாயி முழுவதும் இந்த ஸ்பீக்கரின் பள்ளத்தைச் சுற்றியே இருக்கிறது. சுருதியின் அடித்தளத்தைக் குறைத்துவிட்டு மேலே இருப்பதைத் தூக்கினால் எந்தப் பாடகரும் மெலிந்துதான் ஒலிப்பார்.

300பி-யில் 4 ஓம் ஸ்பீக்கருக்கான முனைக்கு மாற்றினால் சரியாகாதா என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. மாற்றிப் பார்த்தோம். தடை பாதியாகக் குறைந்தது, வித்தியாசம் 2.3 டெசிபெலுக்கு இறங்கியது, கார்வையும் ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் அந்த முனையில் கிடைக்கும் உச்ச வோல்ட் 10.9இலிருந்து 8 பக்கம் விழுந்துவிட்டது. தனி ஆவர்த்தனத்துக்கு 9 வேண்டும். எந்தக் காரணத்துக்காக 300பி-யை வாங்க நினைத்தாரோ அதுவே கைநழுவியது.

## கரண்ட்

இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தில் சுவர் பிளக்கில் 246 வோல்ட் வந்தது. 300பி ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 220 என்று எழுதியிருந்தது. மாற்றிக்கொள்ள வேறு முனை இல்லை. மூடியைத் திறந்து வால்வைச் சூடேற்றும் ஃபிலமென்ட்டை அளந்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 5.6. பன்னிரண்டு சதவீதம் கூடுதல். ஃபிலமென்ட் வோல்ட் இப்படி ஏறினால் விலை உயர்ந்த வால்வு காலத்துக்கு முன்னே ஓய்ந்துபோகும். உயர் அழுத்தப் பக்கமும் அதே விகிதத்தில் ஏறியிருந்தது. கெப்பாசிட்டர்கள் தாங்கும் எல்லையை ஒட்டி நின்றன.

இதற்கு வழி உண்டு. 230-க்கு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் 24 வோல்ட் பக்கத்தை எதிர்த் திசையில் தொடராகச் சேர்த்தால் அது வரும் கரண்டிலிருந்து கழித்துவிடும். 246 வரும்போது 220 கிடைக்கும். ஃபியூஸ் வைத்து, மூடிய பெட்டிக்குள், தெரிந்த ஆள் செய்ய வேண்டிய வேலை. சோதனைக் காலம் முழுதும் அப்படி ஒரு பெட்டி வழியாகத்தான் 300பி-யை ஓட்டினோம். 2ஏ3-யும் ஈஎல்84-உம் உள்ளூர் டிரான்ஸ்ஃபார்மர். 240 முனை இருந்தது, அதில் மாட்டியதும் பிரச்சினை தீர்ந்தது.

## முடிவு

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, 300பி-யை வாங்கி, தவிலையும் கார்வையையும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. இரண்டு, இதெல்லாம் வேண்டாம் என்று டிரான்சிஸ்டரோடு இருந்துவிடுவது. இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அந்த ஸ்பீக்கரை மாற்ற விருப்பமில்லை என்றால் அதுதான் சரியான வழி என்று அவரிடம் சொன்னேன். மூன்று, 300பி-க்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஸ்பீக்கரை மாற்றிவிட்டு, மீதியில் சிறிய ஆம்ப்ளிஃபையர்.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். கணக்கு எளிது. 86 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 93 வந்தால், அதே சத்தத்துக்குத் தேவையான வோல்ட் 2.24 மடங்கு குறையும். தனி ஆவர்த்தனத்தின் 9 வோல்ட் 4 ஆகும். தவிலின் 13, 5.8 ஆகும். மூன்றில் மிகச் சிறிய 2ஏ3-யிடமே 7.1 இருக்கிறது. அதே பலனை ஸ்பீக்கரை மாற்றாமல் ஆம்ப்ளிஃபையரில் தேட வேண்டுமென்றால் ஐந்து மடங்கு வாட் வேண்டும்.

பெரிய பெட்டி வைக்க அம்மா ஒத்துக்கொள்வாரா என்பதுதான் உண்மையான தடை. தரையில் நிற்கும் 60 லிட்டர் பெட்டி இரண்டு. கேட்கும் அறையில்தான் அவருடைய வீணையும் இருந்தது. அளவுக்கு அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, இரண்டு மூலையிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தோம். நடக்க இடைஞ்சல் இல்லை, வீணை வைக்க இடம் இருக்கிறது என்று அவரே பார்த்துச் சம்மதித்தார்.

10 அங்குலக் காகிதக் கோன் வூஃபர், மேலே சிறிய ஹாரனுடன் டுவீட்டர். தெரிந்த தச்சர் ஒருவர் 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டி செய்தார். ஒலியை இரண்டு யூனிட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் இம்பீடன்ஸைச் சமப்படுத்தும் சுற்று ஒன்றையும் சேர்த்தோம். முடிந்தபின் அளந்ததில் 93 டெசிபெல். மிகக் குறைந்த இடத்தில் 6.2 ஓம், அதிகபட்சம் 14. 2ஏ3-யோடு சேர்த்தால் ஏற்றத்தாழ்வு ஒன்றரை டெசிபெல்தான்.

## புது ஸ்பீக்கரில் 2ஏ3-யும் ஈஎல்84-உம்

இந்த இடத்தில் 300பி போட்டியிலிருந்து விலகிவிட்டது. அது மோசமான ஆம்ப்ளிஃபையர் இல்லை. கூடுதல் வாட் இனித் தேவையில்லை, அதன் விலையும் வால்வின் விலையும் மிக அதிகம், வாட் மீட்டரில் 150 காட்டும் சூடு திருச்சி ஏப்ரலுக்குத் தாங்காது. 2ஏ3 95 வாட் இழுத்தது, ஈஎல்84 60.

மறுபடியும் துணியைத் தொங்கவிட்டு, ஒலியைச் சமப்படுத்தி, இரண்டையும் கேட்டோம். வாய்ப்பாட்டில் இருவருக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மெலிவு இரண்டிலும் போயிருந்தது. வீணையில் அம்மா பெரும்பாலும் 2ஏ3-யின் பக்கமே சாய்ந்தார். ஆனால் வித்தியாசம் வெளிப்படையாகத் தெரிந்தது தவிலில். தொப்பிப் பக்கத்தின் கனத்த அடி ஈஎல்84-இல் கொஞ்சம் பிசுபிசுத்தது.

காரணம் வால்வு அல்ல. 40 ஹெர்ட்ஸில் அளந்தபோது 2ஏ3 ஆம்ப்ளிஃபையர் 3 வாட் வரை அலையைக் கெடுக்காமல் கொடுத்தது. ஈஎல்84 ஒன்றரை வாட்டிலேயே வளைந்தது. அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். நல்ல டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு ஈஎல்84 கிடைத்திருந்தால் முடிவு வேறாகக்கூட இருந்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன். சிங்கிள் எண்டட் பற்றிப் பேசுபவர்கள் வால்வின் பெயரையும் தயாரிப்பு வருடத்தையும் அவ்வளவு நேரம் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் கால்வாசியை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுத்தால் பலருடைய பணம் மிஞ்சும்.

2ஏ3-யை வாங்கினார்.

## ஹம்

உணர்திறன் கூடிய ஸ்பீக்கருக்கு ஒரு விலை உண்டு. இசையைக் கூட்டிக் காட்டுவது போலவே ஆம்ப்ளிஃபையரின் முனகலையும் கூட்டிக் காட்டும். வாங்கிய சில நாளில் இரவு ஃபேனை நிறுத்தினால் ஸ்பீக்கரிலிருந்து ம்ம் என்று வருவதாகச் சொன்னார்.

2ஏ3-யில் ஃபிலமென்ட்டே கேதோடு, அதாவது எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை. அதை ஏசியில் சூடேற்றினால் அந்த 50 ஹெர்ட்ஸ் கொஞ்சம் இசையோடு கலக்கும். ஃபிலமென்ட்டின் குறுக்கே இருக்கும் சிறு திருகைச் சரியான நடுவுக்குக் கொண்டுவந்தால் 50 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் அடங்கிவிடும். 100 ஹெர்ட்ஸ் கொஞ்சம் மிஞ்சும். இந்த விஷயத்தில் 2.5 வோல்ட் ஃபிலமென்ட் உள்ள 2ஏ3, 5 வோல்ட் உள்ள 300பி-யைவிட அமைதியானது.

அளந்தபோது ஸ்பீக்கர் முனையில் 3 மில்லிவோல்ட். 93 டெசிபெல் ஸ்பீக்கரில் இது ஒரு மீட்டரில் 33 டெசிபெல் பக்கம் வரும். 100 ஹெர்ட்ஸில் காது கேட்கத் தொடங்குவது சுமார் 26-இல். ஆகவே அவர் கேட்டது கற்பனை அல்ல. மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருப்பினேன். ஒரு சேனலில் அது கால் சுற்று விலகியிருந்தது. இரண்டும் 1.2 மில்லிவோல்ட்டுக்கு இறங்கின. இப்போது காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் இது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அழுத்தம் தங்கும். திருகு மேல்தகட்டில் இருந்தால் மட்டுமே வீட்டுக்காரர் தொடலாம்.

## அதன் பிறகு

ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. ஏப்ரல், மே மாதங்களில் பகலில் டிரான்சிஸ்டரையும் இரவில் ஏசி போட்ட பிறகு 2ஏ3-யையும் கேட்கிறார்கள். அதற்காகப் பழைய ஆம்ப்ளிஃபையரை விற்காமல் வைத்தது நல்லதாயிற்று. ஸ்பீக்கர் ஒயரை மாற்றும்போது ஆம்ப்ளிஃபையரை முதலில் அணைக்க வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டவே கூடாது என்று பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். சுமையில்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு உடைந்துபோகலாம்.

எல்லை எங்கே என்பதும் தெரிந்தது. விடுமுறைக்கு வந்த மகன் இக்காலத்துச் சினிமாப் பாட்டுகளைத் தன் வழக்கப்படி சத்தமாக வைத்தபோது ஆம்ப்ளிஃபையர் திணறியது. தாழ்ந்த பேஸ் தொடர்ந்து வரும் இசையில் 7 வோல்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவருக்கு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் அதற்குமேல் வாக்குவாதம் இல்லை.

அம்மாவின் சொல்லையும் பதிவு செய்ய வேண்டும். புது அமைப்பில் அதே வீணைப் பதிவைக் கேட்டுவிட்டு, "இப்போ கார்வை நிக்குது. அடுத்த மீட்டு வரைக்கும் தாங்குது" என்றார்.

## இன்னொரு வீட்டில் மாற்றிச் செய்வது

வரிசையை மாற்றுவேன். ஆம்ப்ளிஃபையர்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஸ்பீக்கரின் இம்பீடன்ஸையும் உச்ச வோல்ட்டையும் எடுத்துவிட்டால் 300பி-யைத் திருச்சிவரை கொண்டுவரும் அலைச்சலே தேவைப்படாது.

ஸ்கோப் இல்லாதவர்களும் இதை ஓரளவு செய்யலாம். இருக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் உங்களுக்குப் பிடித்த, மிகச் சத்தமான பதிவைப் போட்டு, இதற்குமேல் வைக்கவே மாட்டேன் என்னும் இடத்தில் வால்யூமை நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். டிரான்சிஸ்டரில் மட்டும்தான் இது. மறுபடி போட்டு, முழு அளவிலிருந்து 12 டெசிபெல் குறைத்துத் தயாரித்த 120 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். அதை நான்கால் பெருக்கினால் அந்த வால்யூமில் அதிகபட்சம் எத்தனை வோல்ட் வரக்கூடும் என்று தெரியும் (இது மல்டிமீட்டர் கணக்கு; மேலே சொன்ன ஸ்கோப்பின் உச்ச வோல்ட்டோடு இதை ஒப்பிட வேண்டாம்). அதை அதனாலேயே பெருக்கி 8ஆல் வகுத்தால் வாட். மூன்றுக்குக் கீழே வந்தால் 2ஏ3 போதும். ஏழுக்குள் என்றால் 300பி-யைப் பற்றி யோசிக்கலாம். இருபது முப்பது வந்தால் சிங்கிள் எண்டட் பக்கம் போகும் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

ஈஎல்84-ஐயும் இன்னும் நல்ல டிரான்ஸ்ஃபார்மரோடு ஒருமுறை கேட்க ஏற்பாடு செய்வேன். வால்வு விலை பாதிக்கும் குறைவு, மின்செலவும் மூன்றில் இரண்டு பங்குக்குள்தான். சிறிய அறை, மிதமான சத்தம், வாய்ப்பாடே பிரதானம் என்றிருக்கும் வீட்டுக்கு அது 2ஏ3-க்கு நிகராக நிற்கக்கூடும். இந்த வீட்டில் தவில்தான் முடிவைத் தீர்மானித்தது.